சின்னச் சன்னத்தின் கணக்கு

வெள்ளவத்தையில் துவக்கைப் பற்றிச் சத்தமாகப் பேசும் பழக்கம் எங்களுக்கு இல்லை. லொட்ஜில் இரண்டு நாள் தங்குபவரின் பெயரையும் பொலிஸில் பதிந்த காலம் பழக்கிய அடக்கம் அது. ரொறன்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் மருமக்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அங்கே மான் வேட்டை அனுமதிச்சீட்டு எடுத்துச் செய்யும் காரியம். சிறு விட்ட ரைபிளே மானுக்குப் போதும், சன்னத்தைச் சரியாகத் தெரிந்தெடுத்தால் சரி என்று அவர்களில் ஒருவன் வாதாடுகிறான். வேட்டைக்காரர்களிடையே பழைய வாதம்தான். அதில் பாதிக்கு மேல் உண்மை. மிச்சத்தைத்தான் யாரும் விரித்துச் சொல்வதில்லை.

விட்டத்தை மட்டும் பார்த்துத் துவக்கை எடைபோடுவது பிழை என்கிறான் அவன். அது சரி. 22 லோங் ரைபிள் தோட்டாவும் 223 ரெமிங்டன் தோட்டாவும் ஏறக்குறைய ஒரே விட்டம்: 0.22 அங்குலம். முதலாவது 40 கிரெயின் சன்னத்தை விநாடிக்கு 1200 அடி வேகத்தில் தள்ளும். மற்றது 55 கிரெயின், அதாவது மூன்றரைக் கிராம் சன்னத்தை 3240 அடி வேகத்தில் தள்ளும். குழல்வாயில் ஒன்றின் ஆற்றல் சுமார் 130 அடி-இறாத்தல், மற்றதன் ஆற்றல் 1280. விட்டம் ஒன்றாயிருக்க, வேலை பத்து மடங்கு வேறுபடுகிறது.

அடுத்தது சன்னத்தின் கட்டமைப்பு. மான் விழுவது அதிர்ச்சியால் அல்ல. சன்னம் நெஞ்சறைக்குள் போய் இதயத்தையோ இரண்டு சுவாசப்பைகளையோ கிழித்து, இரத்தம் வற்றி, மூளைக்கு ஒட்சிசன் நிற்பதால்தான் அது விழுகிறது. அதற்குச் சன்னம் ஆழமாகவும் போகவேண்டும், போகும் வழியில் விரியவும் வேண்டும். 223க்குக் கடையில் கிடைக்கும் சன்னங்களில் பல இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே செய்யும். நரி, மர்மட் போன்ற சிறு விலங்குகளுக்கென்று செய்த மெல்லிய உறைச் சன்னம் தொட்டவுடன் சிதறும். மானின் முன்சப்பை எலும்பில் பட்டால் அகலமான, ஆழமற்ற காயத்தோடு நின்றுவிடும். மான் ஓடிப்போய் நாட்கணக்கில் நோகும். முழு உறை போட்ட இராணுவச் சன்னம் மலிவு. அது பெரும்பாலும் துளை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மானுக்கு ஏற்றவை வேறு: ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டவைத்த மென்முனைச் சன்னம், நடுவே தடுப்புச் சுவர் வைத்த சன்னம், முழுச் செம்புச் சன்னம். தடுப்புச் சுவர் யோசனை ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கருடையது. 1946இல் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது சன்னம் மேலோடு சிதறிவிட, அந்த எரிச்சலில் புதிதாக ஒன்றை வடிவமைத்து 1948இல் விற்பனைக்கு விட்டார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே போகும்.

போரில் இதற்கு நேரெதிர் நியாயம் என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும். கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் கப்டன் பேர்ட்டி கிளே 1890களில் 303 சன்னத்தின் முனையைத் திறந்துவிட்டார். 1895 சித்ரால் படையெடுப்பில் பழைய சன்னம் பாய்ந்து வருபவனை நிறுத்தவில்லை என்பது பிரித்தானியரின் முறைப்பாடு. விரியும் சன்னத்தைப் போரில் பயன்படுத்தக்கூடாதென்று 1899 ஹேக் பிரகடனம் சொன்னது. மானுக்கோ இங்கிலாந்துச் சட்டம் விரியும் சன்னத்தையே கேட்கிறது. மனிதனைக் காயப்படுத்தி விட்டுவிடலாம், மானைக் காயத்தோடு விடக்கூடாது என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கவும் இடமுண்டு.

சிறு ரைபிளுக்கு இன்னொரு பலம் பின்னுதைப்புக் குறைவு. தோளில் இடி வாங்கப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுபவர்கள் அதிகம். அவர்கள் பெரிய துவக்கோடு வயிற்றில் சுடுவதைவிடச் சின்னத் துவக்கோடு நெஞ்சில் சுடுவது மேல். மறுக்க முடியாது.

ஆனால் இந்த வாதம் முழுதும் மான் பக்கவாட்டில், அசையாமல், நூறு யாருக்குள் நிற்கும் என்ற எண்ணத்தில் நிற்கிறது. மான் அரைவாசி திரும்பி நின்றால் சன்னம் சப்பையையோ குடலையோ தாண்டி நெஞ்சுக்குப் போகவேண்டும். மூன்றரைக் கிராமுக்கு அந்தத் தூரம் பெரிது. மறுபக்கம் வெளியேறாத சன்னம் பெரும்பாலும் இரத்தத் தடமும் விடாது. பற்றைக்குள் ஓடிய மானைத் தேட வழி கிடைக்காது. நல்ல சன்னம் துவக்கின் குறையை ஈடுசெய்யலாம். சுடுபவனின் அவசரத்தை அது ஈடுசெய்யாது. சட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் மான்களுக்குப் பொதுவாக 0.240 அங்குலமும் 1700 அடி-இறாத்தலும் கேட்கிறது. நாய் அளவேயுள்ள முன்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் 0.220, 1000 அடி-இறாத்தல், 50 கிரெயின் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆக 223 அங்கே சின்ன மானின் துவக்கு. சிறந்த வேட்டைக்காரனின் சிறந்த நாளை வைத்துப் போட்ட எல்லை அல்ல அது. அதனால்தான் எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

எங்கள் தீவில் இந்தக் கணக்கே வேறு. நூற்றாண்டுக்கு முன் கொட்டாஞ்சேனைக்கு அடுத்த துறைமுகத்தால் மான் தோலும் கொம்பும் கப்பலேறின. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை ஏவி, கத்தியோடு மரை வேட்டையாடியவர். யானைக்கு நான்கு அவுன்ஸ் குண்டு போடும் துவக்கு வைத்திருந்தார். 1894இல் விலங்கு பாதுகாப்புச் சங்கம் அமைத்தவர்களும் வேட்டைக்காரர்களே. இன்று மான், மரை வேட்டை சட்டவிரோதம். களவாக நடப்பதோ இரவில், டோர்ச் வெளிச்சத்தில், இடியன் துவக்காலோ சிறு குண்டுகள் நிரப்பிய சொட்கன் தோட்டாவாலோதான். இன்னும் மோசம் மான் போகும் தடத்தில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு. அதற்கு மானும் சிறுத்தையும் விறகு பொறுக்கப் போன மனிதனும் ஒன்றுதான். இங்கே எந்தச் சன்னம் என்ற கேள்வியை எழுப்புவதே குற்றத்துக்குக் கைகொடுப்பது. 200 கிலோவை நெருங்கும் மரைக்கு 22 தோட்டாவே போதும் என்று வீரம் பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். காயம்பட்டுப் போன மரைகள் அந்தக் கதையில் வருவதில்லை.

மருமகனின் வாதத்துக்கு இப்போது இன்னொரு பக்கத்தால் இடி வருகிறது: ஈயம். சிதறும் ஈயத் துகள்கள் இறைச்சியிலும் மிச்சத்தைத் தின்னும் பறவைகளிலும் சேர்கின்றன. கலிபோர்னியா 2019இல் வேட்டைக்கு ஈயத்தை முற்றாகத் தடுத்தது. டென்மார்க் 2024இல் ரைபிள் சன்னத்துக்கும் தடை போட்டது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்குச் சன்னம் நீளும். நீண்ட சன்னம் தள்ளாடாமல் பறக்க, குழலுக்குள் உள்ள புரி வேகமாகச் சுழற்றவேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்த பழைய 223 குழல்கள் அதற்குத் தோதில்லை. 8 அங்குலம் போன்ற வேகமான சுற்று வேண்டும். அவனுடையது பழைய குழல். எப்படியும் துவக்கை மாற்றுவதென்றால் 1955 முதல் விற்கும் 243 வின்செஸ்டரையே வாங்கலாமே, உதைப்பும் பெரிதில்லை, 100 கிரெயின் சன்னமும் போடலாம் என்றேன். "மாமா, நீங்கள் ஒருநாளும் துவக்குத் தொட்டதில்லை" என்றான். அதுவும் உண்மைதான், ஆனால் அதற்காக 243 பற்றி நான் சொன்னது பிழையாகிவிடாது.