பாலித் தீவின் நாய்களும் ஒரு தப்புக் கணக்கும்

சித்தி பெண் பாலிக்குப் போகிறாள். கல்யாணம் ஆனபிறகு முதல் வெளிநாட்டுப் பயணம். விசா, ரூம், ஸ்கூட்டர் வாடகை எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அண்ணா, அங்க தெருநாய் ஜாஸ்தியாமே, ரேபிஸ் வேற இருக்காம். போலாமா, வேணாமா?" கூடவே ஐந்தாறு பயணக் கட்டுரைகளையும் அனுப்பி வைத்தாள்.

எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். பொய் என்று ஒதுக்குகிற மாதிரி எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும், அவை எல்லாமே தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றியது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

அந்தக் கட்டுரைகள் சொல்வதை மூன்று வரியில் சுருக்கலாம். ஒன்று, தெருநாய்களிடமிருந்து விலகி இருங்கள். இரண்டு, அரசாங்கம் நாய்களைப் பிடித்துக் கட்டுப்படுத்தி வருகிறது. மூன்று, சுற்றுலாப் பயணிக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"தெருநாய்" என்ற சொல்

நம் மனசில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்றில் வீட்டு நாய்: கழுத்தில் பட்டை, ஊசி போட்டது, ஆபத்தில்லாதது. இன்னொன்றில் தெருநாய்: யாருடையதும் இல்லை, ஊசி போடாதது, ஆபத்தானது. பாலியில் இந்தப் பிரிவினை செல்லாது. அங்கே தெருவில் திரிகிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வீடு உண்டு, சோறு போடுகிறவர் உண்டு. ராத்திரி வாசலில் காவல் கிடக்கும், பகலில் தெரு, கடற்கரை, கோயில் வாசல் என்று சுற்றும். கட்டிப்போட்டு வளர்ப்பது அந்த ஊர் வழக்கம் இல்லை. நம்ம ஊர்க் கிராமங்களிலும் பாதிக்கு மேல் இப்படித்தானே.

அப்படியென்றால் "தெருநாயைத் தொடாதே" என்ற அறிவுரையைக் கேட்ட பயணி என்ன செய்வார்? கடற்கரையில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிக்கொண்டு போவார். தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் இரண்டு மாதக் குட்டியை மடியில் எடுத்து வைத்துப் போட்டோ எடுப்பார். அது கையைக் கடித்து விளையாடும். குட்டிக்கும் ரேபிஸ் வரும், அது பரப்பவும் செய்யும். கேட்க வேண்டியது "இது யாருடைய நாய்?" என்பதல்ல, "இதுக்கு ஊசி போட்டாச்சா?" என்பது. நான் படித்த ஒரு கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை.

கொன்று கட்டுப்படுத்திய கதை

இரண்டாவது வரிதான் எனக்குப் பெரிய உறுத்தல். ஏனென்றால் அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

2008 வரை பாலியில் ரேபிஸ் கிடையாது. சுற்றியுள்ள பல தீவுகளில் இருந்தும், இந்தத் தீவுக்குள் அது வரவில்லை. 2008 கடைசியில், தெற்கே புகிட் தீபகற்பத்தில் மனிதர்கள் சாக ஆரம்பித்தார்கள். உலுவாத்து கோயிலும் ஜிம்பரான் கடற்கரையும் இருக்கிற பகுதி அது, அதாவது சுற்றுலாவின் நடுமடி. இந்தோனேசியாவின் வேறொரு தீவிலிருந்து வந்த நாய் வழியாக வைரஸ் உள்ளே வந்தது.

முதலில் நிர்வாகம் இரண்டு காரியம் செய்தது. பாதிக்கப்பட்ட பகுதியில் மட்டும் தடுப்பூசி, கூடவே நாய்களைக் கொல்வது. ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தை ஊதுகுழல் அம்பிலும் இரையிலும் வைத்துக் கொன்றார்கள். முதலில் பயன்படுத்திய தடுப்பூசியும் நீண்ட நாள் தாங்காத ரகம், சில மாதத்தில் மறுபடி போட வேண்டியது. நோய் நிற்கவில்லை, தீவு முழுக்கப் பரவியது. 2008 நவம்பரிலிருந்து 2010 நவம்பர் வரை மட்டும் 104 பேர் ரேபிஸால் இறந்ததாக ஒரு மருத்துவ ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

பிறகுதான் திசை மாறியது. 2010-லிருந்து தீவு முழுக்க, ஊர் ஊராக, நல்ல தடுப்பூசியோடு போனார்கள். ஒரே சுற்றில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்கள், ஏறத்தாழ 70 சதவீதம். நோய் சரசரவென்று இறங்கியது. 2013, 2014-ல் மனித மரணங்கள் ஒன்றிரண்டு என்ற அளவுக்கு வந்தன. அப்புறம் கவனம் தளர்ந்தது, நாய் கொல்லும் வேலை திரும்ப வந்தது. 2015-ல் மரணங்கள் மறுபடி பத்தைத் தாண்டின. இன்றுவரை அந்தத் தீவை விட்டு ரேபிஸ் முழுசாகப் போகவில்லை.

இத்தனைக்கும் இது தெரியாத பாடமில்லை. 1997-ல் அதே நாட்டின் ஃப்ளோரஸ் தீவுக்கு, மீனவர்கள் படகில் கொண்டுவந்த நாய்கள் வழியாக ரேபிஸ் நுழைந்தது. அங்கே லட்சக்கணக்கான நாய்களைக் கொன்றார்கள். நோய் போகவில்லை, நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் போனார்கள்.

ஏன் கொன்றால் குறைவதில்லை?

"நாய் குறைஞ்சா நோயும் குறையணும்தானே?" என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. பேனா பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது.

ஒரு ஊரில் 100 நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70-க்கு ஊசி போட்டாயிற்று. இப்போது 30 நாயைக் கண்ணை மூடிக்கொண்டு கொல்கிறோம். சராசரியாகப் பார்த்தால் அந்த 30-இல் 21 ஊசி போட்டவை. மிச்சம் 70 நாய், அதில் 49 ஊசி போட்டவை. விகிதம் அதே 70 சதவீதம்தான், ஒன்றும் கூடவில்லை. நாயை இழந்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வீட்டுக்குக் காவல் வேண்டுமே. பக்கத்து ஊரிலிருந்து ஒரு குட்டி கொண்டுவருவார். 30 குட்டி வந்து சேர்ந்தால் மறுபடி 100 நாய், ஊசி போட்டவை 49. எழுபது சதவீதம் நாற்பத்தொன்பதாக இறங்கிவிட்டது, அதுவும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்த வேலையால்.

நிஜத்தில் இதைவிட மோசமாகவே நடக்கும். கொல்ல வருகிறவர் கையில் எளிதாகச் சிக்குவது மனிதரை நம்பிக் கிட்டே வருகிற நாய். ஊசிக்காரர் கையிலும் அதுதான் முதலில் சிக்கியிருக்கும். போதாததற்கு, ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் நாயை வண்டியில் ஏற்றி வேறு ஊர் உறவினர் வீட்டில் விடுவார். நாயோடு நோயும் வண்டி ஏறும்.

இன்னொரு விஷயம். ரேபிஸ் கூட்டத்தை நம்பிப் பரவும் நோய் அல்ல. வெறி பிடித்த நாய் மைல்கணக்கில் ஓடி, தேடிப்போய்க் கடிக்கும். பல நாடுகளில் பார்த்த கணக்குப்படி, தடுப்பூசி இல்லாத இடத்தில் ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டுக்குள்தான் மற்ற நாய்களுக்கு நோயைக் கொடுக்கிறது. நாய் நெருக்கமாக உள்ள இடத்திலும் குறைவாக உள்ள இடத்திலும் இந்த எண் பெரிசாக மாறுவதில்லை. அதனால் நாய்த்தொகையைப் பாதியாக்கினாலும் பரவல் பாதியாவதில்லை. அதே சமயம், எண் இவ்வளவு சின்னதாக இருப்பதால், போதுமான நாய்களுக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும். 70 என்ற இலக்கும் இதிலிருந்து வந்ததுதான். அடுத்த வருஷ முகாமுக்குள் கொஞ்ச நாய் சாகும், குட்டிகள் பிறக்கும், விகிதம் இறங்கும். இறங்கினாலும் ஆபத்துக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும் என்றால் 70-இல் தொடங்கணும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? இல்லை. நம்ம நாட்டிலேயே இன்னொரு கடற்கரைச் சுற்றுலா இடம் இருக்கிறது, கோவா. அங்கே 2013-இல் தொடங்கி, மாநில அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வேலை பார்த்தன. வலைபோட்டு நாயைப் பிடிப்பது, ஊசி போடுவது, தலையில் சாயப் பொட்டு வைத்து அங்கேயே விடுவது, கைபேசிச் செயலியில் குறித்துக்கொள்வது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் நாய். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், சந்தேகமான நாய் பற்றித் தகவல் சொல்ல ஒரு எண். 2014-ல் பத்துக்கு மேல் இருந்த மனித மரணங்கள் சில வருஷத்தில் பூஜ்யத்துக்கு வந்தன. 2021-ல் கோவா ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கோவாவின் கடற்கரையில் நாய் இல்லாமல் போய்விடவில்லை, போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆபத்து குறைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. சிக்கலே அங்கேதான். நாய் இல்லாத கடற்கரை போட்டோவில் தெரியும், ஊசி போட்ட நாய் போட்டோவில் தெரியாது. சுற்றுலாவை நம்பிய நிர்வாகத்துக்கு எந்தப் பக்கம் கை போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட நாயும் கடிக்கும். பாலியில் தடுப்பூசியால் ரேபிஸ் குறைந்தபோதும் நாய்க்கடிகள் குறையவில்லை என்று அந்த வேலையில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கு நடந்துபோகிற குழந்தையின் பயம் பொய் இல்லை. "நாய் ஒண்ணும் பண்ணாது, நீ சும்மா போ" என்று சொல்கிற நாய்ப் பிரியர்களின் பேச்சும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் கடி ஒரு பிரச்சினை, வைரஸ் இன்னொரு பிரச்சினை. முதலாவதற்குக் குப்பை மேலாண்மை, கருத்தடை, வளர்ப்பவர் பொறுப்பு என்று வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது. இரண்டாவதை ஒரு நல்ல தடுப்பூசிச் சுற்று சில மாதத்திலேயே அடக்கிக் காட்டும். இரண்டையும் "நாய்த் தொல்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், சீக்கிரம் முடிகிற வேலையும் முடியாமல் போகும்.

"ஆபத்து குறைவு" – யாருக்கு?

மூன்றாவது வரிக்கு வருவோம். பயணிக்கு ஆபத்து குறைவு என்பது எண்ணிக்கைப்படி சரியே. ஆனால் அந்த 104 பேரைப் பற்றிய ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது. அவர்களில் 92 சதவீதம் பேரை நாய் கடித்தது தெரிந்த விஷயம். காயத்துக்குச் சிகிச்சையும் தடுப்பூசியும் பெற்றவர்கள் 6 சதவீதம்கூட இல்லை. இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புமருந்து ஒருவருக்கும் போடப்படவில்லை. அதாவது, அவர்கள் செத்தது நாய் கடித்ததால் மட்டும் அல்ல, கடித்தபிறகு எதுவும் நடக்காததாலும்தான். பயணக் கட்டுரைகளில் விடுதியில் தங்குகிறவர் வருகிறார், அவருக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்கு வருகிறது. அந்த விடுதியைப் பெருக்குகிறவர் வருவதேயில்லை. தினமும் அதே நாய்களுக்கு நடுவே நடந்து வேலைக்கு வருகிறவர் அவர்.

பயணிக்கும்கூட, "குறைவு" என்பதோடு பேச்சை முடித்துவிட்டால் உதவாது. கடிபட்டபின் ஊசி 0, 3, 7, 14 என்ற நாள்களில் போகும். ஐந்து நாள் டூரில் மூன்றாம் நாள் கடித்தால், முதல் ஊசி அங்கே, மிச்சம் இங்கே. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கலாம் என்பதும் பயணிக்கு ஒத்துவராது, பத்தாம் நாள் நாம் ஊரில் இருப்போம். ஆழமான காயத்துக்குத் தேவையான இம்யூனோகுளோபுலின் எல்லா கிளினிக்கிலும் கிடைக்கிற சரக்கும் இல்லை. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டால்தான் அதற்குப் பயன்.

கடைசியில் தங்கைக்கு அனுப்பிய பதில் இது:

"போயிட்டு வாம்மா. கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு பேரும் முன்தடுப்பூசி போட்டுக்கோங்க. ஒரு வார இடைவெளியில ரெண்டு ஊசிதான். தொப்புளைச் சுத்திப் போடறதெல்லாம் பாட்டி காலம், இப்ப கையிலதான். போட்டுக்கிட்டா, அப்புறம் கடிச்சாலும் ரெண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேடி அலைய வேண்டாம். நாயோ குரங்கோ, கடிச்சாலும் பிறாண்டினாலும் முதல்ல குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டுப் பதினைஞ்சு நிமிஷம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. சின்னக் கீறல்தானேன்னு விடாதே, அன்னிக்கே ஊசிக்குப் போ. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்த மருந்தே இல்லை, ஆனா அதுக்கு முன்னாடி போட்டா பிழைக்கலாம்."

ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "சரிண்ணா. நாங்க தங்கற வீட்ல ரெண்டு நாய் இருக்கு, போட்டோல பார்த்தேன். அதுங்களுக்கு ஊசி போட்டாச்சான்னு ஓனரைக் கேட்டா தப்பா நினைப்பாரா?"

கேளு என்று சொன்னேன். போட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்வார். போடாமல் இருந்தால், வருகிற விருந்தாளிகள் இதைக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியட்டும். நாலு பேர் கேட்டால் அஞ்சாவது ஆள் வருவதற்குள் போட்டுவிடுவார். அந்த ஊசியில் காப்பாற்றப்படுவது முதலில் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான்.