பனிக்காலத்துப் பிதுக்கம்பருப்பு: நீலசந்திராவின் குடும்பச் சமையல் மரபுகள்

பெங்களூரு நகரின் மையத்திலிருந்து தென்கிழக்கே, ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா ஆகியவற்றின் பக்கத்தில் நெருக்கமான வீடுகளும் குறுகிய தெருக்களுமாக அமைந்த நீலசந்திராவில், கார்த்திகை பிறந்தது முதல் தை முடியும் வரை வீட்டுச் சமையலின் முறை வேறாகிவிடுகிறது. தமிழ், தக்னி உருது, கன்னடம், தெலுங்கு பேசும் குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இப்பகுதியில் ஒவ்வொரு குடும்பமும் தன் கைப்பக்குவத்தைத் தனியே காத்துவந்தாலும், பனிக்காலத்தில் இவர்கள் எல்லோர் அடுப்பிலும் ஏறும் பண்டம் ஒன்றாகவே இருக்கிறது. அது பச்சை அவரைக்கொட்டை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மொச்சைக்கொட்டை என்று வழங்குவது. இப்பகுதியின் பனிக்காலச் சமையலில் உள்ள மரபுகளை இக்கொட்டையை நடுவில் வைத்தே வகைப்படுத்த முடியும். எதை நல்ல சமையல் என்று ஒவ்வொரு மரபும் கொள்கிறது என்பதும் இதைக் கையாளும் விதத்தில்தான் வெளிப்படுகிறது.

இக்கொட்டை எல்லோருக்கும் பொதுவானதற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. 1809இல் ஆங்கிலேயப் படைத்தளமாகக் கண்டோன்மென்ட் அமைந்தபோதும் அதற்குப் பின்னும், படையை ஒட்டிய தொழில்களுக்காகவும் கட்டட வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் வந்து குடியேறிய தமிழர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த நிலமும் வந்துசேர்ந்த நிலமும் மழையை மட்டுமே நம்பி விளையும் ஒரே வகைச் செம்மண் மேட்டு நிலம். மாகடி, ஆனேக்கல், கோலார் முதல் ஓசூர், கிருஷ்ணகிரி வரை பரவிய இந்நிலத்தில், ஆடி ஆவணியில் கேழ்வரகு விதைக்கும்போதே சில சால்களுக்கு ஒரு சால் அவரையையும் போடுவது பழைய வழக்கம். கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு அறுப்பு முடிந்தபின், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே அவரைக்கொடி படர்ந்து காய்க்கிறது. பகற்பொழுது குறுகத் தொடங்கினால் மட்டுமே நாட்டு அவரை பூக்கும் என்பதால் வேறு பருவத்தில் அதை விளைவிக்க இயலாது. கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஒரே தட்டில் சேர்ந்தது யாரோ ஒருவர் சுவை கண்டு சேர்த்ததால் அன்று. ஒரே வயலின் இரண்டு அறுவடைகள் அடுத்தடுத்து வீடு வந்து சேர்ந்ததால் அமைந்த சேர்க்கை அது. மாநில எல்லைகள் வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவான இச்சேர்க்கையைத் தமிழ்க் குடும்பங்களும் கன்னடக் குடும்பங்களும் தத்தம் சொந்தச் சமையல் என்று கருதுவது இரு தரப்பிலும் சரியே.

சமையலின் தரம் காய் வாங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. பனியில் நனைந்து முற்றிய நாட்டு அவரைக்காயின் தோலில் எண்ணெய் போன்ற பிசுபிசுப்பு ஒன்று கசிகிறது. அதிலிருந்து எழும் காரமான பச்சை மணத்தைக் கன்னடத்தில் சொகடு என்பர், நீலசந்திராவின் தமிழ்க் குடும்பங்களும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டுள்ளன. காயை உரித்த கையில் மறுநாள் வரை அம்மணம் நிற்க வேண்டும் என்பது மூத்த பெண்கள் வைத்திருக்கும் முதல் அளவுகோல். காய் பளபளப்பாகவும் கொட்டை புடைத்துத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் அது இரண்டு நாள் கடந்த காய். 1929இல் ரிச்மண்ட் டவுனில் அமைந்த ஜான்சன் மார்க்கெட்டும், மடிவாளாச் சந்தையும், தெருவில் வரும் தள்ளுவண்டிகளும் இப்பகுதிக்குக் காய் வரும் வழிகள்.

இதே கொட்டையை உள்தோல் நீக்கிச் சமைப்பதே பனிக்காலச் சமையலின் உச்சம். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, தோல் தளர்ந்தபின், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மெல்ல அழுத்தினால் உள்ளிருக்கும் பருப்பு வழுக்கி வெளியே விழும். இவ்வாறு பிதுக்கி எடுப்பதால் வேலூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பிதுக்கம்பருப்பு என்றும், கன்னடத்தில் ஹிதுகிதபேளே என்றும், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் பிதிக்கிபப்பு என்றும் இதற்குப் பெயர். ஒரு கிலோ காயில் பாதிக்கும் குறைவாகவே கொட்டை தேறும். தோலும் போனபின் எஞ்சும் பருப்பு அதனினும் குறைவு. ஐந்தாறு பேர் உண்ணும் குடும்பத்துக்கு இரண்டு மூன்று கிலோ காய் உரித்து ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்குவது ஒருவர் தனியே செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று. முதல் நாள் மாலை பாட்டி, மருமகள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், பல வீடுகளில் ஆண்களும், ஒரு முறத்தைச் சுற்றி உட்கார்ந்து இதைச் செய்கின்றனர். குடும்பச் சமையல் என்னும் பெயர் இப்பண்டத்துக்கு முழுமையாகப் பொருந்துவதற்குக் காரணம் இதுவே: சமைப்பவர் ஒருவராக இருந்தாலும் அதில் வீட்டார் அனைவரின் கையும் பட்டிருக்கிறது. ஊறவைத்த நீரை மூத்தோர் கீழே கொட்டிவிடுவர். அவரைக்கொட்டையில், குறிப்பாக முற்றியதில், இயற்கையாகவே உள்ள வேண்டாத சில பொருள்கள் அந்நீரோடு போய்விடுவதால் இவ்வழக்கம் அறிவுக்கும் ஒத்தது.

பிதுக்கிய பருப்பைக் குழம்பாக்குவதில்தான் மரபுகள் பிரிகின்றன. வட ஆற்காட்டு மரபில் தேங்காய், கசகசா, பட்டை, கிராம்பு, சோம்பு ஆகியவற்றை அரைத்து, இஞ்சி பூண்டு வதக்கிச் சேர்த்து, உருளைக்கிழங்கும் போட்டுக் கெட்டியாக இறக்குவர். இட்லி, தோசை, களி மூன்றுக்கும் அது துணையாகும். மைசூர் மரபில் பச்சை மிளகாயும் கொத்தமல்லித் தழையும் தேங்காயும் முன்னிற்க, குழம்பு பச்சை நிறமாகவும் சற்று நீர்த்தும் அமைகிறது. சாரு என்று பெயர்பெறும் அது கேழ்வரகு முத்தை, அரிசி ரொட்டி, ஒத்து சாவிகே எனப்படும் பிழிந்த அரிசிச் சேவை ஆகியவற்றுடன் பரிமாறப்படுகிறது. நீலசந்திராவில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்துவிட்ட தமிழ் வீடுகளில் இவ்விரண்டும் கலந்து, பட்டை கிராம்பு குறைந்து கொத்தமல்லித் தழை கூடிய ஒரு மூன்றாம் முறை உருவாகியிருக்கிறது. அதைக் கலப்படம் என்று ஒதுக்குவது தவறு. மசாலா குறையக் குறையப் பருப்பின் மணம் மேலெழுகிறது என்பதை இக்குடும்பங்கள் பல்லாண்டுப் பழக்கத்தில் கண்டறிந்தே அங்கு வந்து சேர்ந்துள்ளன. இம்மூன்றிலும் கொட்டைக்கு மிகுந்த மதிப்புத் தருவதும் அதுவே.

தக்னி பேசும் முஸ்லிம் குடும்பங்களிலும், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும், பருப்பு கொத்துக்கறியுடனோ எலும்புக்கறியுடனோ சேர்கிறது. கறி முக்கால் பதம் வெந்தபின்பே பருப்பைப் போட வேண்டும் என்பது இம்மரபின் கண்டிப்பான விதி. தோல் நீங்கிய பருப்பு கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும் ஆதலால் முன்கூட்டிப் போட்டால் கரைந்து மாவாகிவிடும். இவ்வீடுகளின் மற்றொரு பனிக்காலப் பண்டம் ஆட்டுக்கால் பாயா. இரவு முழுதும் சிறுதீயில் கிடந்து காலையில் ரொட்டிக்கோ ஆப்பத்துக்கோ துணையாகும் அது, தன்னளவில் தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

மரபு எதுவாயினும் நல்ல பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு எல்லோரும் ஒப்பும் அளவுகோல்கள் சில உண்டு. பருப்பு முழுதாக இருக்க வேண்டும், ஆனால் நாவால் அழுத்தினால் நசுங்க வேண்டும். குக்கரில் வைத்தால் இவ்விரண்டில் ஒன்று தவறிவிடுவதால் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிடுவதே முறை. கெட்டித்தன்மை அரைத்த தேங்காயிலிருந்து வர வேண்டுமே அன்றிக் கரைந்த பருப்பிலிருந்து வரக்கூடாது. புளி சேர்ப்பது பற்றி மட்டும் வீட்டுக்கு வீடு வழக்கு நீடிக்கிறது. தோலோடு கூடிய கொட்டையைக் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் காரக்குழம்பாக வைக்கும்போது புளி இன்றியமையாதது. பிதுக்கிய பருப்பிலோ அது சொகடை அடக்கிவிடுகிறது. புளிக்குப் பதிலாக ஒரு தக்காளி போதும் என்பாரின் கட்சியே வலியது.

களிக்கும் இத்தகைய நுட்பங்கள் உண்டு. வட ஆற்காட்டு, தருமபுரிக் குடும்பங்கள் முதலில் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, மூடி ஆவியில் வேகவிட்டு, துடுப்பால் கிளறுகின்றன. மைசூர் முத்தையில் பெரும்பாலும் மாவு மட்டுமே. நொய் சேர்ந்த களி மென்மையாகவும், தனி மாவு முத்தை இறுக்கமாகவும் அமையும். இரண்டிலும் மாவுக்கட்டி ஒன்றுகூட இருக்கலாகாது. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதே உண்ணும் முறை.

கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குவது வழக்கம்; 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. இக்குளிரில் இட்லி மாவு புளிக்க மறுப்பது இல்லத்தரசிகளின் ஆண்டுதோறுமான கவலை. வெந்தயத்தைக் கூட்டுவதும், பழைய சோறு ஒரு கைப்பிடி சேர்த்து அரைப்பதும், வெதுவெதுப்பான நீரில் கரைப்பதும், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைப்பதும் இதற்காகக் கண்ட வழிகள். தயிருக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். சளிக்கும் இருமலுக்கும் மிளகு ரசம், கொள்ளு ரசம், நெஞ்செலும்புச் சாறு என்று வீட்டுக்கொரு மருந்து உண்டு.

பண்டிகைகள் இவ்வன்றாடச் சமையலின்மேல் வந்து அமைகின்றன. கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்த் திருவிழாவிலிருந்து வரும் பச்சை வேர்க்கடலை, உப்பிட்டு அவித்த தின்பண்டமாகிறது. கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் கிறித்தவ வீடுகளில் அச்சு முறுக்கும், முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ மாவை அழுத்திச் சுருட்டிப் பொரிக்கும் கல்கல் என்னும் இனிப்பும், பல வீடுகளில் அதிரசமும் உருவாகின்றன. கல்கலும் பிதுக்கம்பருப்பைப் போலவே பல கைகள் கூடிச் செய்யும் பண்டம். நல்ல கல்கல் வாயில் போட்டதும் நொறுங்க வேண்டும், கையில் எண்ணெய் விடக்கூடாது. சர்க்கரைப் பாகு மேலே மெல்லிய வெண்படலமாக உறைந்திருக்க வேண்டும். ஜனவரி நடுவில் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத் திருவிழாவும் பொங்கலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருவதால், அவ்வாரத்தில் இப்பகுதியின் அடுப்புகள் ஓய்வதே இல்லை. பொங்கலன்று மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, கருணை, வாழைக்காய் எனக் கிடைத்த காய்களெல்லாம் சேரும் கதம்பக் குழம்பிலும் அவரைக்கொட்டைக்கே முதலிடம். அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தின் எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலைக் கலவையான எள்ளு பெல்லவும், இங்கிருந்து போகும் சர்க்கரைப் பொங்கலும் ஒரே நாளில் கைமாறுகின்றன.

இம்மரபு இன்று இரு வகையில் நெருக்கப்படுகிறது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை வகைகள் பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுதும் காய்ப்பவை. உழவர்க்கு அவை பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் கோடையில் வாங்கிய அவரையில் பனிக்காலச் சொகடு இல்லை என்று சமைப்போர் ஒருமுகமாகக் கூறுவதைப் புறந்தள்ள முடியாது. மற்றொன்று, பிதுக்கிய பருப்பு அளந்து விற்பனைக்கு வந்திருப்பது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அது தவிர்க்க இயலாத வசதி. ஆனால் வெகுநேரம் நீரில் கிடந்த பருப்பு மணமிழந்திருக்கும் என்பதால், நுரைத்த நீரில் மிதக்கும் பருப்பை வாங்காமல், நிறம் மாறாது கெட்டியாக உள்ளதைப் பார்த்து வாங்கும் புதிய அளவுகோல் ஒன்று உருவாகியிருக்கிறது. விசுவேசுவரபுரத்தின் தின்பண்டத் தெருவில் வாசவி காண்டிமென்ட்ஸ் நிறுவனத்தார் தொடங்கி, அண்மையில் நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு மாறிய அவரைக்காய் மேளா, அவரையில் ஜிலேபி வரை செய்து காட்டிப் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. நகரத்து இளையோருக்கு இக்கொட்டையை அறிமுகப்படுத்திய பெருமை அதற்கு உண்டு. எனினும் பிதுக்கம்பருப்பின் தரத்தைத் தீர்மானிக்கும் இடம் இன்னும் வீட்டு அடுப்புதான். மேளாவில் சுவைத்துவிட்டு வருவோர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் வீட்டில் உண்டதோடுதான்.

மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் காய் முற்றித் தோல் தடித்துவிடுகிறது. பிதுக்கினாலும் பருப்பு எளிதில் பிரிவதில்லை. அந்நிலையில் மிஞ்சிய கொட்டையை நன்றாகக் காயவைத்து, பூச்சி அண்டாதிருக்கச் செம்மண் குழம்பு பூசி மறுபடி உலர்த்தி, பானையிலோ தகர டப்பாவிலோ அடைத்துவைப்பது கிராமத்தோடு உறவு விடாத குடும்பங்களின் வழக்கம். அக்கொட்டையைச் சமைப்பதற்கு முன் வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, பிறகு இரவு முழுதும் ஊறவைத்து, நீரை மாற்றி வேகவைப்பர். பிதுக்கிய பருப்புக்கு ஆகாத புளியும் கருவாடும் காய்ந்த கொட்டையின் குழம்புக்கு உரியவை. அடுத்த கார்த்திகை வரை இக்குடும்பங்களின் களிக்குத் துணை அதுவே.