சோடி மருந்து

நிந்தவூரில் வெள்ளாமை வெட்டிய வயலில் நடந்தால் காலில் தாள் குத்தும். சீனி வருத்தத்தால் உள்ளங்கால் மரத்தவருக்குக் குத்தியதே தெரியாது. சில நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் வீட்டார் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த நாற்றம் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாத இடத்தில் பெருகும் பற்றீரியாக்களின் வேலை. மருந்துச்சீட்டில் ஒக்மென்டினும் பிளாஜிலும் சோடியாக வரும்.

பல கிருமிகளை ஒருசேரத் தாக்கும் மருந்தில் தொடங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆழமான புண்ணில் ஒரே கிருமி இருப்பது அரிது. பஞ்சில் ஒற்றிய சீழ் ஆய்வுகூடம் போய்ச் சேருமுன்பே இந்தப் பற்றீரியாக்கள் காற்றுப்பட்டுச் செத்துவிடும். தப்பியவை வளரவும் நாள் எடுக்கும். ‘ஒன்றும் வளரவில்லை’ என்ற ரிப்போட்டை நம்பி மருந்தைக் குறைத்தால் காலே போகலாம்.

என்னை உறுத்துவது அந்தச் சோடிதான். பிளாஜில், அதாவது மெட்ரோனிடசோல், இக்கிருமிகளைக் கொல்லும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது: வேறொரு தொற்றுக்கு அதை விழுங்கிய பெண்ணின் முரசுப் புண்ணும் ஆறியதை ஷின் என்பவர் 1962இல் எழுதினார். ஒட்சிசனில் வாழும் பற்றீரியாவை அது தொடாது. ஆகவே செப்ட்ரியாக்சோன் போன்றவற்றோடு வயிற்றுத் தொற்றுக்குச் சேர்ப்பதில் நியாயம் உண்டு. ஒக்மென்டினிலோ பெனிசிலினை உடைக்கும் நொதியை மடக்கக் கிளவுலனேற் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான புண்களுக்கு ஒக்மென்டின் தனியே போதும். பிளாஜிலால் மேலதிகமாகக் கிடைப்பது குமட்டலும் வாயில் இரும்புக் கசப்பும்தான். குளிசைக் காட்டில் பாதியோடு நோயாளி இரண்டையும் நிறுத்திவிடுவார். மெரோபெனம் ஏற்றும்போதுகூடப் பிளாஜிலைத் தொங்கவிடும் பழக்கத்தை என்னவென்பது? மெரோபெனமும் அந்தக் கிருமிகளைக் கொல்லும் மருந்துதானே.

புரையேறி வரும் நியூமோனியாவுக்கும் இதே பழக்கம் இருந்தது. சீழ்க்கட்டி இல்லாவிட்டால் இந்தக் கிருமிகளுக்கென்று தனி மருந்து வழக்கமாக வேண்டாம் என 2019இல் அமெரிக்க வழிகாட்டல் சொல்லிவிட்டது.

சீட்டில் எழுத முடியாதது கத்தி. சீழ்க்கட்டிக்குள் மருந்து சரியாகப் போவதில்லை. கீறி வடித்து, செத்த தசையை வெட்டியெடுக்க வேண்டும். வயிற்றுத் தொற்றில் அப்படி வடித்தபின் நாலு நாள் மருந்து, எட்டு நாள் மருந்துக்குக் குறைந்ததல்ல என்று 2015இல் 518 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. கால் புண்ணுக்கு அந்த நாட்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வெட்டாத புண்ணுக்கு மூன்றாவது மருந்தைச் சேர்க்குமுன், “டொக்டர், உள்ளே சீழ் இருக்கா?” என்று வீட்டாராவது கேட்கலாம்.