அந்த ‘யாராவது’ யார்?

அகப்பாடல் வகுப்பில் மாணவிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது யார் கூற்று? யாரிடம் சொல்லப்படுகிறது? பேச்சில் வந்தும் பேசாமல் நிற்பவர் யார்? அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு மருத்துவப் படிவத்தையும் வாசித்தேன்.

படிவத்தின் பெயர் ‘ஐசார்’. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஜேன் மெக்கஸ்கர் குழுவினர் உருவாக்கி 1999இல் வெளியிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் 65 வயதைக் கடந்தவர்களில் யாருக்கு இனிமேல் நிலைமை மோசமாகும் என்று முன்கூட்டி அறிவது அதன் நோக்கம். யார் நெடுநாள் படுக்கையில் தங்கிவிடுவார் என்று கணிக்கவும் பின்னர் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

ஆறே கேள்விகள். நோய் வருமுன் உங்களுக்கு உதவ யாராவது தொடர்ந்து தேவைப்பட்டார்களா? நோய் வந்தபின் கூடுதல் உதவி தேவைப்படுகிறதா? கடந்த ஆறு மாதத்தில் மருத்துவமனையில் தங்கினீர்களா? கண் நன்றாகத் தெரிகிறதா? நினைவாற்றலில் கடுமையான சிக்கல் உண்டா? தினமும் மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகளா? பாதகமான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி; இரண்டு சேர்ந்தால் ஆபத்து.

நோயின் பெயரைக் கேட்காமல் வாழ்க்கையைக் கேட்கிறதே, அது இந்தப் படிவத்தின் பெருமை. ஆனால் முதல் கேள்வியின் ‘யாராவது’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 76. மறதிநோய் கண்ட கணவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் எழுந்து கதவைப் பூட்டுகிறவர். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வருகிறார். இதுவரை அவருக்கு யார் உதவியும் தேவைப்பட்டதில்லை: சுழியம். இப்போது தேவை: ஒன்று. பார்வை, நினைவு தெளிவு, மாத்திரை இரண்டுதான், அண்மையில் மருத்துவமனையில் தங்கியதுமில்லை. மொத்தம் ஒரு புள்ளி. ஆபத்தில்லை என்கிறது படிவம். அவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது? அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் இருக்கிறார்.

அதே கணவர் நோயாளியாக வந்திருந்தால் அந்த முதல் கேள்விக்கே ஒரு புள்ளி பெற்றிருப்பார். அந்தப் புள்ளிக்குள் மனைவியின் உழைப்பு ‘யாராவது’ என்று மறைந்திருக்கும். பெறுகிற உதவியை எண்ணத் தெரிந்த படிவத்துக்குக் கொடுக்கிற உதவியை எண்ணத் தெரியவில்லை.

விரைவாகச் சலித்தெடுக்கும் சல்லடையிடம் எல்லாவற்றையும் கேட்கலாமா என்று மருத்துவர்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் நெடுநாள் தங்கல் நோயால் மட்டும் நீள்வதில்லை. சிகிச்சை முடிந்தும் போக இடமோ, பார்க்க ஆளோ இல்லாமல் படுக்கையில் இருப்பவர்களைக் கனடா மருத்துவமனைகளே தனியாகக் கணக்கெடுக்கின்றன. வீட்டுநிலை கணக்கில் உண்டு. அந்த வீட்டைத் தாங்குகிறவள்தான் இல்லை.

ஏழாவதாக ஒரு கேள்வி கேட்கலாம்: “உங்களை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள்?” அது கணிப்பைக் கூர்மையாக்குமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கை முறிந்து வந்தவரிடம் அதைக் கேட்டால், அன்றிரவே அந்த வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பலாம்.