12 வோல்ட் வருகிறது, மிரர் சூடாகவில்லை

மீட்டரில் 12 வோல்ட் தெரிகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் ரிலே ‘டக்’கென்று அடிக்கிறது. ஆனாலும் சைடு மிரரில் படிந்த உறைபனி கரைவதாக இல்லை. 1980-களில் தயாரான ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலத்திலும் ஓட்டுபவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. இந்த இடத்தில் ‘மிரர் போய்விட்டது’ என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த 12 வோல்ட் உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் பக்க மிரர் மட்டும் சூடாகாத அப்படியொரு காரில் இரண்டு கருவிகளை வைத்து வேலை பார்த்தேன். ஒன்று சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். மற்றது, 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர்களின் முனையில் கிளிப் வைத்த டெஸ்ட் லாம்ப். விலையில் இரண்டும் பக்கத்தில்கூட வராது. இந்த வேலையில் என் ஓட்டு லாம்புக்குத்தான்.

காரணம் எளிய கணக்கு. மிரர் ஹீட்டரை 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது 1.25 ஆம்பியர் இழுக்கும். அதன் மின்தடை 9.6 ஓம். இப்போது வழியில் எங்கோ பச்சை பூத்த கனெக்டர் ஒன்று 10 ஓம் தடையோடு உட்கார்ந்திருக்கிறது. கரன்ட் பாதியாகிவிடும், ஹீட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் கால் பங்குக்கும் கீழே, சுமார் 3.6 வாட். பனி உருக அது போதாது. ஆனால் ஹீட்டர் கனெக்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் என்ன காட்டும்? மீட்டரின் உள் தடை பொதுவாக 10 மெகா ஓம். அதன் முன்னால் 10 ஓம் ஒரு பொருட்டே இல்லை. திரையில் முழு 12 வோல்ட்டும் தெரியும். கன்டினியூட்டி ஒலியும் இப்படித்தான். பல மீட்டர்கள் சில பத்து ஓம் வரைக்கும் ‘பீப்’ அடிக்கும். பதினைந்து இழைகளில் பதினான்கு அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வயரும் அந்த ஒலியில் தேறிவிடும்.

லாம்ப் அப்படி விடாது. 21 வாட் பல்புக்கு 1.75 ஆம்பியர் வேண்டும். கிடைத்தால் பளிச்சென்று எரியும், கிடைக்காவிட்டால் மங்கும். மிரர் கனெக்டரில் அதை மாட்டியதும் பல்பின் இழை சிவந்ததோடு சரி. மீட்டர் 12.3 காட்டிய அதே இரண்டு முனைகள்தான் அவை. எல்இடி வைத்த டெஸ்டர்கள் இதற்கு உதவாது. மிகச் சிறிய கரன்ட்டிலேயே அவை எரிந்துவிடுவதால் மீட்டர் செய்யும் அதே தவறைத்தான் செய்யும். ஒரு எச்சரிக்கை: ஏர்பேக் வயர்களிலும் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும் வயர்களிலும் பல்ப் லாம்பை வைக்கவே கூடாது.

கோளாறு இருக்கிறது என்று லாம்ப் சொல்லிவிட்டது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர்தான் வேண்டும், ஆனால் வேறு விதமாக. எதையும் கழற்றாமல், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜ் டிராப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறு முனை மிரரின் எர்த் வயரில். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். இங்கே அப்படித்தான் காட்டியது, எர்த்தில் குறையில்லை. அடுத்து பாசிட்டிவ் பக்கம்: ஃபியூஸின் வெளிப்பக்கத்திலிருந்து மிரர் வரை ஏறக்குறைய 6 வோல்ட் காணாமல் போயிருந்தது. அதன்பின் ஒரு முனையை ஃபியூஸிலேயே விட்டு, மறு முனையைக் கனெக்டர் கனெக்டராக நகர்த்தினால் போதும். டாஷ்போர்டின் கீழே உள்ள கனெக்டர் வரை இழப்பே இல்லை. கதவுக்குள் நுழைந்த பிறகு முழு இழப்பும் தெரிந்தது. நடுவில் இருப்பது கதவுக்கும் பில்லருக்கும் இடையிலான ரப்பர் பூட் மட்டும்.

இந்தத் தேடலை எளிதாக்கும் ஒரு வசதி ஜெர்மன் கார்களில் உண்டு. டிஐஎன் 72552 என்ற தரநிலைப்படி முனைகளுக்கு எண்கள் இருக்கும். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேரடி பாசிட்டிவ், 15 என்றால் சாவி திருப்பினால் வருவது, 31 என்றால் எர்த். ரிலேயில் 85, 86 காயிலுக்கு, 87 வெளியே போவதற்கு. பழுப்பு வயர் என்றால் எர்த். வயரிங் வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் இவ்வளவு தெரிந்தால் பாதி வழி போய்விடலாம்.

இன்னொரு சுருக்கு வழியும் உண்டு. பல மாடல்களில் பின்புறக் கண்ணாடியின் டீஃபாகர் சுவிட்சோடு சைடு மிரர்களும் சேர்ந்தே சூடாகும். இரண்டு மிரரும் ஒன்றாகச் செத்திருந்தால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று பொதுவான பகுதியில் தேடுங்கள். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தக் கதவையும் அதன் ரப்பர் பூட்டையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், மிரர் கண்ணாடியின் பின்னால் இரண்டு முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். யாரோ எப்போதோ ஹீட்டரே இல்லாத மலிவான கண்ணாடியை மாட்டியிருக்கலாம். பழைய கார்களில் இது அரிதல்ல.

ரப்பர் பூட்டைப் பின்னுக்குத் தள்ளியபோது வெளியே எதுவும் தெரியவில்லை. இன்சுலேஷனில் எங்கும் விரிசல் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வளைந்து, செம்பு இழைகள் உள்ளே ஒவ்வொன்றாக முறிந்திருந்தன. இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு அறுந்த வயர் மட்டும் ரப்பர் போல நீளும்.

இதைச் சரிசெய்வதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வளையும் இடத்தில் ஜாயின்ட் போடவே கூடாது. சால்டர் வைத்தால் அது இன்னும் மோசம். ஈயம் ஊறிய பகுதி விறைத்துவிடும். அது முடியும் விளிம்பிலேயே வயர் மீண்டும் முறியும். பூட்டின் இரு புறமும் நல்ல வயர் தெரியும் வரை வெட்டி, நடுவே மெல்லிய இழைகள் நிறைந்த சிலிக்கோன் வயரை, 1 சதுர மில்லிமீட்டர் போதும், புதிதாக ஓட்ட வேண்டும். ஒரு ஜாயின்ட் பில்லருக்குள், மற்றது கதவுக்குள். கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டால் ஈரம் ஏறாது. பக்கத்து வயர்களையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது. அவையும் அதே அளவு வளைந்தவைதான். மாற்றும்போது பழைய நிறங்களையும் அசல் கனெக்டர்களையும் காப்பாற்றுங்கள். ஜெர்மனியில் முப்பது வயதைத் தாண்டிய கார்களுக்குக் கிடைக்கும் ‘ஹெச்’ நம்பர் பிளேட்டுக்கு, கார் பெருமளவு அசல் நிலையில் இருக்க வேண்டும். பிளேட்டை விடுங்கள், அடுத்து இந்தக் கதவைத் திறக்கப்போகும் மெக்கானிக்குக்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் மறுபடி லாம்ப்: முழு வெளிச்சம். பாசிட்டிவ் பக்க இழப்பு 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

வாங்குவது பற்றி: மல்டிமீட்டரில் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’, புளூடூத் போன்றவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 10 ஆம்பியர் டிசி அளக்கும் வசதியும், கனெக்டரின் பின்பக்கமாக நுழையும் மெல்லிய ஊசி முனைகளும் இருந்தால் போதும். டெஸ்ட் லாம்பைக் கடையில் வாங்குவதாக இருந்தால் உள்ளே பல்ப்தான் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். 21 வாட் பல்ப், ஹோல்டர், இரண்டு கிளிப் கிடைத்தால் வீட்டிலேயே செய்வது மேல். லைனில் ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸும் சேர்த்துக்கொள்ளுங்கள்.