பல்லா, தாடையா?

கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கித் தொழிற்பேட்டைப் பக்கம் நடக்கும் காலைக் கூட்டத்தில், பல்லில் கம்பியோடு சிரிக்கும் இளைஞர்களை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். பள்ளி வயதில் வீட்டில் வசதியில்லாமல் விட்டுப்போனதை முதல் சம்பளத்தில் செய்துகொள்பவர்கள் அவர்களில் பலர். மருத்துவரிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கிளிப்பா, அலைனரா?” அடுத்தது, “எவ்வளவு ஆகும்?” இவை இரண்டுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. கோணல் பல்லில் இருக்கிறதா, தாடையில் இருக்கிறதா? அதைத் திருத்தினால் எனக்கு என்ன கிடைக்கும்? சிகிச்சையின் மதிப்பு முழுவதும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

முதலில் வேலை நடக்கும் விதம். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. மெல்லிய அழுத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தால் பல் போகும் பக்கத்து எலும்பு கரையும். விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு கட்டும். மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். முறுக்கைக் கூட்டினால் வேகம் கூடாது, வேர் நுனி தேயும் அபாயம்தான் கூடும். ஒன்றரை, இரண்டு வருடம் என்று மருத்துவர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆறே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரம் மிக எளிய கோணலைப் பற்றிப் பேசுகிறது, இல்லையென்றால் ஏமாற்றுகிறது. உலோகக் கம்பியோ, செராமிக்கோ, கழற்றி மாட்டும் நிறமற்ற பிளாஸ்டிக் அலைனரோ, அழுத்துவது எது என்று எலும்புக்குத் தெரியாது.

இனி, சொல்லப்படும் பலன்கள். பல் வரிசையானால் சொத்தை வராது, ஈறு கெடாது, தாடை மூட்டு வலி தீரும் என்றெல்லாம் கேட்கிறோம். இவற்றுக்குச் சான்று மிகவும் மெலிந்தது. கம்பி போட்ட காலத்தில் சரியாகத் துலக்காதவருக்குப் பல்லில் வெள்ளைத் தழும்பு விழுவதோ நிச்சயமாகத் தெரிந்த தீங்கு. மறுபக்கம், உறுதியான பலன்களும் உண்டு. தூக்குப் பல் உள்ள குழந்தை விழுந்தால் முதலில் உடைவது முன்பல்தான். கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தும் ஆழ்கடி, எலும்புக்குள் திசைமாறிப் படுத்து அடுத்த பல்லின் வேரை அரிக்கும் கோரைப்பல், ஒரு பக்கமாகத் தாடையை இழுத்து மூடவைக்கும் குறுக்குக்கடி ஆகியவற்றைத் திருத்தத்தான் வேண்டும். தோற்றத்தை இந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை. வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசி வளர்ந்த ஒரு பெண் இனி அப்படிப் பேச வேண்டாம் என்பது போதுமான காரணம். அதைச் சொல்லியே சிகிச்சை கொடுக்கலாம். இல்லாத நோய்களைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

தாடை விஷயத்தில் வயதுதான் எல்லாம். இங்கே இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. மேல்பல் முன்னால் தள்ளியிருக்கும் குழந்தைக்கு எட்டு வயதிலேயே தொடங்கினால் தாடை நன்றாக வளர்ந்துவிடும் என்று சிலர் அவசரப்படுத்துகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு இதை எடைபோட்டது. அதன் முதல் ஆசிரியர் பெயர் பத்ரி திருவேங்கடாச்சாரி, நம்மூர்ப் பெயர். சிறு வயதில் ஒருமுறை, விடலைப் பருவத்தில் மறுமுறை என்று இரண்டு கட்டமாகச் செய்தவர்களுக்கும், விடலைப் பருவத்தில் ஒரே முறை செய்தவர்களுக்கும் முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. முன்பல் அடிபடுவது குறைந்தது மட்டுமே முன்கூட்டித் தொடங்கியதால் வந்த லாபம். ஓடியாடி விழும் பிள்ளைக்கு அது சின்ன லாபமில்லை; ஆனால் தாடையை வளர்த்துவிடுவோம் என்ற வாக்குறுதி நிற்கவில்லை.

கீழ்த்தாடை முன்னால் வந்து, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே மூடுகிறதென்றால் கதையே வேறு. “வளரட்டும், பார்க்கலாம்” என்பதுதான் இங்கே வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. இங்கிலாந்தில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கவசக் கருவியைச் சோதித்தார்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, கருவி போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், போடாதவர்களில் மூன்றில் இருவருக்கும் பிற்பாடு தாடை அறுவை தேவைப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். இந்த ஒரு வகையில் காத்திருப்பது அறுவையைத் தவிர்க்கும் வாய்ப்பை இழப்பது. வளர்ச்சி முடிந்தபின், பெரிய தாடைக் கோணலுக்குக் கம்பியும் அறுவையும் சேர்ந்துதான் வழி.

எந்த முகம் கோணல் என்று சொல்வது எந்த அளவுகோல்? 1948இல் டவுன்ஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் வகுத்த எக்ஸ்ரே அளவுகள் இன்றும் பாடத்தில் இருக்கின்றன. அவை 12 முதல் 17 வயதுக்குள் இருந்த 20 வெள்ளையின இளையோரைப் பார்த்து எழுதப்பட்டவை. நம் முகங்களில் பல்லும் உதடும் சற்று முன்னால் நிற்பது இயல்பு. அதை அந்த இருபது பேரோடு ஒப்பிட்டால் பாதித் தமிழ்நாடும் நோயாளிதான். தென்னிந்திய முகங்களுக்கான அளவுகள் பல ஆய்வுகளில் வந்திருக்கின்றன. மருத்துவர் எதை வைத்து அளந்தார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி முன்பற்களை உள்ளே இழுப்பது இங்கே மிகவும் வழக்கம். உதடு மூடவே முடியாதவருக்கு அது நல்ல சிகிச்சை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று பாட்டிமார் பயப்படுவதில் பொருளில்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஆனால் உதடு இயல்பாக மூடும் முகத்தில் நல்ல பல் நான்கைப் பிடுங்குவதற்கு எக்ஸ்ரே எண் ஒன்று மட்டும் காரணமாக முடியாது. தெத்துப்பல் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அந்தப் பரிவு அறிவியலுக்கு எதிரானதில்லை.

அலைனருக்கு வருகிறேன். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போடுபவருக்கு, சிறு நெருக்கம், சிறு இடைவெளி என்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது. உருண்ட வேருள்ள பல்லைத் திருப்புவதிலும், பல்லைக் கீழே இறக்குவதிலும், பிடுங்கிய இடத்தை மூடுவதிலும் கம்பியே வலிமையானது. என் எதிர்ப்பு அந்தப் பிளாஸ்டிக்கின் மீதில்லை, மருத்துவரே வாயைப் பார்க்காமல் தபாலில் வரும் அலைனரின் மீது. அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பல் பாதி நகர்ந்த நிலையில் பலர் நடுவழியில் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைத் தொட்டுப் பார்க்காமல் நகர்த்தப்படும் பல்லுக்கு யார் பொறுப்பு?

எல்லாம் முடிந்த பிறகு வரும் கணக்கைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1981இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிட்டில் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் சிகிச்சை முடித்த 65 பேரைத் தேடிப் பார்த்தார்கள். திருத்திய பல்லை அதே இடத்தில் நிறுத்தும் ரீடெய்னரை விட்டுப் பத்து வருடம் கடந்திருந்தது; ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கீழ் முன்பல் வரிசை திருப்தியாக இல்லை. இரவில் ரீடெய்னர் போடுவது பல காலத்துக்கு, பலருக்கு ஆயுள் முழுக்க. அதைச் சொல்லாமல் வாங்கும் ஒப்புதலை ஒப்புதல் என்று நான் ஏற்க மாட்டேன்.

என் தீர்ப்பு இந்தச் சிகிச்சைக்குச் சாதகமானது. அது விற்கப்படும் விதத்துக்குப் பாதகமானது. தீர்வுக்கான முன்மாதிரி இருக்கிறது. 1989இல் பிரிட்டனில் பல்சீரமைப்புத் தேவையை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அங்கே அரசுச் செலவில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பது அந்தப் படியைப் பொறுத்தே. முன்பல் தள்ளல் 9 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், தேவை மிக அதிகமான ஐந்தாம் படி. அளக்கத் தேவை ஒரு சிறு அளவுகோலும் சில நிமிடங்களும்தான்.

கிண்டியில், அண்ணா சாலையில் நிற்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988 முதல் இயங்குகிறது. அதன் இணைப்பிலுள்ள கல்லூரிகளில் பல்சீரமைப்பில் மூன்று வருட மேற்படிப்பு முடிப்பவர்களுக்குப் பட்டம் கொடுப்பது அதுதான். இந்தத் தேவைப் படியை, பல்லா தாடையா என்ற பதிலை, ரீடெய்னர் எத்தனை காலம் என்பதை நோயாளியின் கையில் தமிழில் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கத் தாளை அங்கிருந்து தொடங்கலாம். படித்து வெளியே வரும் ஒவ்வொருவரும் அதை நிரப்பிப் பழகியிருப்பார்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், முதல் சம்பளத்தோடு வந்து நிற்கும் இளைஞர் விலையைக் கேட்பதற்கு முன்பே, தான் எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்திருப்பார்.