ஏட்டுப் பிழையும் குலப் பெருமையும்

ஸ்பென்சர் வெல்ஸ் எழுதிய 'தி ஜர்னி ஆஃப் மேன்' 2002ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஆவணப்படமும் பரவலாகப் பேசப்பட்டது. அந்தப் புத்தகத்தைப் படித்த தமிழர்களைவிட அதிலிருந்து கிளம்பிய ஒரு செய்தியைக் கேள்விப்பட்ட தமிழர்கள் பல மடங்கு அதிகம். மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஓர் இளைஞரின் ரத்தத்தில் எம்130 என்ற மரபணுக் குறி கிடைத்தது; ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன ஆதிக்கூட்டத்தின் தடம் அது. இதற்குப் பின்னால் இருப்பது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன் செய்த மாதிரி சேகரிப்பு. இது வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி, 'உலகின் முதல் மனிதன் நம்மாளு' என்று ஆகிவிட்டது. பழியை வாட்ஸப் மேல் மட்டும் போட முடியாது, புத்தகத்துக்கும் பங்குண்டு என்பது என் வாதம்.

எம்130 என்பது என்ன? ஒரு நகல் பிழை. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு அநேகமாக அப்படியே போகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்த மாற்றம் அதன்பின் வரும் எல்லா ஆண் வாரிசுகளிடமும் தங்கிவிடும். இப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை உடம்புக்கு நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை என்று 1968ல் மோட்டூ கிமுரா சொன்னார். அந்த நடுநிலைமைதான் அவற்றை வரலாற்றுக் கடிகாரமாகப் பயன்படுத்த வழி செய்கிறது.

உ.வே.சா. புறநானூற்றை 1894ல் பதிப்பிக்கும் முன் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே விசித்திரமான பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தவை என்று ஊகிக்கலாம். பிழையால் கிடைக்கும் உதவி பெரிது. அதற்காக எழுத்துப் பிழைக்கு யாராச்சும் மாலை போடுவார்களா?

வெல்ஸுக்கு இது நன்றாகவே தெரியும். புத்தகத்தின் ஆகச்சிறந்த இடம், பிரெஞ்சு கிராமம் ஒன்றின் மீன் சூப்பை வைத்து அவர் சொல்லும் உவமை. செய்முறை அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறது. மகள் பிறக்காத வீட்டில் செய்முறை அழிந்துபோகும், அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி. கடைசியில் மிஞ்சும் செய்முறை உயர்ந்தது என்பதற்காக மிஞ்சவில்லை. அதிர்ஷ்டம், அவ்வளவுதான். இதைவிட எளிமையாக மரபு நகர்வை விளக்கிய வேறொரு பொதுவாசிப்புப் புத்தகத்தை நான் படித்ததில்லை.

பயணக்கதை தொடங்கியதும் இந்த உவமை காணாமல் போய்விடுகிறது. குறி நாயகனாகிறது. அது நடக்கிறது, கடற்கரையைப் பிடிக்கிறது, கண்டம் தாண்டுகிறது. படத்திலோ அந்தக் குறிக்கு ஒரு மனித முகமும் கிடைத்துவிடுகிறது. ஒருவரைக் காட்டி 'இவர்தான் ஆதாரம்' என்றால் கேட்பவர் காதில் 'இவர்தான் ஆதி மனிதர்' என்றுதான் விழும்.

கணக்கைப் பாருங்கள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஓர் இடத்திலிருந்து வருகிறது. மீதி 1,023 பேரைப் பற்றி எம்130 வாயே திறக்காது. அது மட்டுமா, இதே குறியின் கிளைகள் மங்கோலியாவிலும், வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சிலரிடமும் உண்டு. 'நம்மாளு' பட்டியலை அங்கேயும் நீட்ட வேண்டியிருக்கும்.

நான் வேலை பார்க்கும் பெருங்குடியில் மதிய உணவு மேசையில் 'எங்க டிஎன்ஏவே வேற' என்று ஒருவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் நன்றாகப் படித்தவர். புள்ளியியல் தெரிந்தவர். ஜாதகத்தை நம்பாத தலைமுறைக்கு டிஎன்ஏ புது ஜாதகமாகிவிட்டது. அகமணத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்தால் அதன் விலையைக் கொடுக்கப்போவது சாதி தாண்டிக் காதலிக்கும் பிள்ளைகள்.

பிச்சப்பன் குழுவினரின் 2012 ஆய்வுக் கட்டுரை இதற்கு நல்ல மாற்று. தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்கள். நாயகன் யாரும் இல்லை. சமூகங்களுக்கிடையே வேறுபாடு உண்டு, அது சாதி அமைப்புக்கும் முந்தைய வேளாண்மைப் பரவலோடு தொடர்புடையது என்றது அது. முழு மரபணுத் தொகுதியைப் பார்த்த 2013 ஆய்வோ, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே பரவலாகக் கலப்பு நடந்தது என்றது. கதவுகள் அதற்குப் பிறகுதான் மூடின. தந்தைவழி ஒரு கதை சொல்கிறது, முழுத் தொகுதி இன்னொன்று சொல்கிறது. இந்த இழுபறிதான் உண்மையான அறிவியல். அது வெல்ஸின் கதையோட்டத்தில் இடம்பெறவில்லை.

இன்னொரு பிழையும் உண்டு. பெருந்துறை தண்டபாணி, கே. தங்கராஜ் உள்ளிட்டோர் 2009ல் எழுதியது. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது உண்டு. நோய் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் தலைகாட்டும், அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுவார்கள். அதனால் இயற்கைத் தேர்வால் இதைக் களைய முடியவில்லை. சாதி, மொழி, மதம் பார்க்காமல் பரவிய பொதுச்சொத்து இது. எம்130 போலன்றி, உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இதைப் பெருமையாகப் பகிர யாருமில்லை.

வெல்ஸைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மீன் சூப்பை மறக்காமல் படியுங்கள்.